வளைவு வைத்த கட்டை

துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர் எதைச் செய்தாலும் புகைப்படத்துக்கு நிற்பதுபோலத்தான் செய்வார். தும்மும்போதுகூட முகவாய் மேலேதான் நிற்கும். அப்படிப்பட்டவரின் உடம்புக்கேற்பத் துப்பாக்கியின் தோளில் ஊன்றும் மரக்கட்டையைச் செதுக்கிக் கொடுப்பது கட்டைக்காரருக்கு வாய்த்த தொழில். அந்தத் தலைவரே தன் மனைவியின் அண்ணனாகவும் இருந்தது தலையெழுத்து.

சட்டைக்கு அளவெடுப்பவருக்கு உடம்பு போதும். கட்டைக்கு அளவெடுப்பவர் கண்ணையும் பார்க்க வேண்டும். குண்டு இல்லை என்று இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு, மூன்றடி எதிரே போய் நின்று, "என் கண்ணைக் குறிபாருங்க" என்பார் கட்டைக்காரர். எதிராளி துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதிப்பார். குழல் நுனியிலிருந்து பார்த்தால் அதற்கு நேர் மேலே அவருடைய கருவிழி உட்கார்ந்திருக்க வேண்டும். விலகியிருந்தால் மரத்தில் அவ்வளவு சீவ வேண்டும் என்று கணக்கு. ஊரின் பெரிய மனிதர்கள் பலரும் அவரை நேருக்கு நேர் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இப்படி அளவெடுத்தபோது, சங்கத்து ஆட்கள் நாலு பேர் சுற்றி நிற்க, கட்டைக்காரர் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மச்சான், தொப்பை கொஞ்சம் வளந்திருக்கு. கட்டையை அரை அங்குலம் குறைச்சாத்தான் தோளுக்கு ஏறும்."

நாலு பேரில் ஒருவர் சிரித்துத் தொலைத்தார். "மாப்ளே, நீங்க மரத்தை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போன தலைவர், இரண்டு வருடம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தங்கை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு பழக்கூடை வந்தது. அண்ணன் வரவில்லை.

அதனால் இந்தத் தடவை புதுத் துப்பாக்கிக்கு அளவெடுக்கத் தலைவர் வருகிறார் என்றதுமே மனைவி வந்து பட்டறை வாசலில் நின்றுகொண்டாள்.

"ஏங்க, வாயைத் திறக்காம அளவெடுங்க. வளந்தது வளந்ததாவே இருந்துட்டுப் போகட்டும்."

தலைவர் பதக்கம் குத்திய கோட்டோடு வந்தார். வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்சு விடுங்க மச்சான்."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார், விடாமலே.

துப்பாக்கி தோளுக்கு ஏறியது. கட்டைக்காரர் எதிரே நின்று பார்த்தார். குழலுக்கு மேலே வலது கண் இல்லை. தலை மெல்லச் சாய்ந்து, கன்னம் கட்டையைத் தாண்டி நழுவி, இடது கண் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. மறுபடி ஏற்றச் சொன்னார். மறுபடியும் அதே. இரண்டு கண்ணையும் திறந்துவைத்து எதிரே நிற்கும் தன் மூக்கை விரலால் சுட்டச் சொன்னார். விரல் தலைவரின் இடது கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

பழைய அளவு நோட்டைப் புரட்டினார். குறிபார்க்கும் கண் 'வலது கண்' என்று ஆறு வருடத்துக்கு முன் அவரே எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கண் தன் நாற்காலியை இன்னொரு கண்ணுக்குச் சும்மா விட்டுக்கொடுக்காது.

"மச்சான், கண்ணுல ஏதாவது..."

"கண்ணுக்கு என்ன? கழுகுக் கண்ணு. உங்க கட்டைதான் சரியில்ல."

உள்ளே ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு விழுந்தது. அதன் பொருள் கட்டைக்காரருக்குத் தெரியும். நோட்டில் 'வலது கண்?' என்று எழுதினார், மூடி வைத்தார்.

அத்தோடு விட்டிருந்தாலாவது பாவம் பாதியாகியிருக்கும். கண் செய்கிற கோளாறை மரத்தாலேயே சரிக்கட்டிவிடலாம் என்று அவருக்குள் இருந்த கெட்டிக்காரன் கிளம்பிவிட்டான். இருபது நாள் உட்கார்ந்து, வலது தோளில் ஊன்றினாலும் குழல் இடது கண்ணுக்கு எதிரே வந்து நிற்கும்படி, கட்டையை வளைத்துச் செதுக்கினார். அவர் செய்ததிலேயே அதுதான் அழகான வேலை.

"என்ன மாப்ளே, கோணலா இருக்கு?"

"சாம்பியன்கள் எல்லாம் இப்போ இந்த வளைவுதான் வைக்கிறாங்க மச்சான்."

பொய் இழைத்த மரம்போல வழவழவென்று வந்தது.

அந்த வருடப் போட்டியில், வானத்தில் எறிந்த இருபத்தைந்து மண்தட்டில் தலைவர் இருபத்திரண்டை உடைத்துக் கோப்பையைத் தூக்கினார். மறுவாரமே சங்கத்து ஆட்கள் ஐந்து பேர் பட்டறைக்கு வந்து வளைவு கேட்டார்கள்.

"உங்களுக்கு அது தேவையில்லைங்க."

"ஏன், தலைவருக்கு மட்டும்தான் பொருந்துமா?" என்றார் செயலாளர்.

அதற்கு இருந்த ஒரே நேர்மையான பதிலைச் சொல்ல முடியாததால் கட்டைக்காரர் ஐந்தையும் வளைத்துக் கொடுத்தார். அதன்பிறகு அந்த ஐந்து பேரும் காற்றைத் தவிர எதையும் சுடவில்லை. ஆனால் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. "வளைவு கைக்குப் பழகணும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

தலைவர் ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவர் சிரிப்பு கேட்கும்போதெல்லாம், நல்ல வேளை வாயை மூடிக்கொண்டோம் என்று கட்டைக்காரர் நினைத்துக்கொள்வார். இரண்டு தடவை நோட்டைத் திறந்து அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று வைத்தார்.

ஆறாவது மாதம் தலைவர் தன் வீட்டு வாசல் தூணிலேயே காரின் வலப்பக்கத்தை உரசினார். பத்து நாள் கழித்துத் துப்பாக்கியோடு பட்டறைக்கு வந்தார். கோட்டு இல்லை. வயிறு தன் பாட்டுக்கு முன்னால் இருந்தது. மூச்சுகூட விட்டார்.

"வலது கண்ணு போயிடுச்சு மாப்ளே. உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போச்சாம். இன்னொண்ணுக்கு மருந்து ஊத்துறாங்க."

கட்டைக்காரர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா அதுல மிச்சம் இருந்த பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. கூட இருக்கிற யாருமே கவனிக்கலையான்னு கேட்டாரு. என் கண்ணை யாருய்யா பாக்கறா, எல்லாரும் பதக்கத்தைத்தான் பாப்பாங்கன்னேன்." சிரிக்கப் பார்த்தார். "இந்த இடப்பக்கக் கண்ணுக்கு ஏத்த மாதிரி கட்டையைக் கொஞ்சம் மாத்திக் குடுங்க."

மாற்ற எதுவும் இல்லை. அது ஏற்கெனவே அந்தக் கண்ணுக்குத்தான் செதுக்கியது. சும்மா வாங்கி வைத்துக்கொண்டு நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் 'பிரமாதம்' என்பார். அவ்வளவு சுலபம். கட்டைக்காரர் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவருக்கு முன்னால் வைத்தார்.

"நான் பார்த்தேன் மச்சான்."

தலைவர் நோட்டை இடப்பக்கமாக நகர்த்திவைத்துப் படித்தார். தேதியைப் படித்தார். பிறகு துப்பாக்கியை மடியில் போட்டு, அந்த வளைவைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார்.

"தொப்பையைச் சொல்ல மட்டும் வாய் இருந்துச்சு" என்றார்.

எழுந்து போனார். துப்பாக்கி மேஜைமேலேயே இருந்தது. வாசலில் இரண்டு படி. கட்டைக்காரர் ஓடிப் போய்க் கையை நீட்டினார். நீட்டியது தலைவரின் வலப்பக்கம். தலைவர் சுவரைத் தடவி இறங்கிப் போனார். கை தெரியவில்லையா, வேண்டாம் என்று விட்டாரா, அது இன்றுவரை கட்டைக்காரருக்கு விளங்கவில்லை.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "அண்ணன் எங்க? சாப்பிடாமயா போயிட்டாரு? என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"ஆறு மாசத்துக்கு முன்னாடி சொல்ல வேண்டியதை."

அவள் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள். அன்றைக்குத் தான் போட்ட பாத்திரத்தின் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.