மூணாம் பெட்டு

"என் கவனக்குறைவு," என்றாள் கயல். குரல் பாதிதான் வெளியே வந்தது.

காலையில் ஷிப்ட் மாறும்போது, ஜெபம் முடிந்ததும், தப்புச் செய்த நர்ஸ் முன்னால் வந்து இப்படிச் சொல்ல வேண்டும். உத்தமபாளையத்தில் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியின் வழக்கம் அது. கொண்டுவந்தவள் வார்டுப் பொறுப்பில் இருக்கும் கிருபாவதி. நாலு பேர் முன்னால் ஒரு தடவை நின்றவள் மறுபடி தவறமாட்டாள் என்று மனதார நம்பியிருந்தாள். எப்போதும் "சத்தமா சொல்லு" என்பவள், இன்று அந்தப் பாதிக் குரலையே போதுமென்று விட்டுவிட்டாள்.

பெண்கள் வார்டில் இரண்டு சங்கிலியம்மாள்கள். இருவரும் அனுமந்தன்பட்டி. அந்தப் பக்கம் தெருவுக்கொரு சங்கிலியம்மாள் உண்டு. பேரைச் சொல்லிக் குழம்பாமல் பெட் நம்பரைச் சொல்லுங்கள் என்று நர்ஸ் பிள்ளைகளைப் பழக்கியதும் கிருபாவதிதான். மூணாம் பெட்டுக்குச் சர்க்கரை, அஞ்சாம் பெட்டுக்குக் காய்ச்சல். நேற்று, ஃபேனுக்கு நேர் கீழே வெடவெடத்துக் கிடந்த காய்ச்சல்காரியைப் பார்க்கப் பொறுக்காமல், "இங்கன வந்து படு ஆத்தா, இங்க காத்து வராது" என்று மற்றவள் தன் கட்டிலைக் கொடுத்திருக்கிறாள். கயல் மூணாம் பெட்டுக்கு வந்தாள். "சங்கிலியம்மாதானே?" என்று கேட்டாள். "ஆமா" என்று பதில் வந்தது. இன்சுலினைப் போட்டுவிட்டுப் போனாள். சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தவளை, அசந்து தூங்குகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். தேனிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் அந்தம்மா இன்னும் கண் திறக்கவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு, மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டே இன்னொரு நர்ஸ் ஜெபஷீலா கிருபாவதியிடம் மெல்லச் சொன்னாள். "போன வாரம் எனக்கும் இதே கதைதான் சிஸ்டர். ரெண்டு பேரு கட்டில் மாறிப் படுத்திருந்தாக. ஊசியக் கையில எடுத்தப்புறம், எனக்குச் சுகரே இல்லையே தாயின்னு அவுகளே கைய இழுத்துக்கிட்டாக."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

ஜெபஷீலா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சொன்னா நிக்க வைப்பீக."

போன வாரமே தெரிந்திருந்தால், அந்தம்மா இந்நேரம் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கிருபாவதி நேராக மாடியேறி, கயலை வேலையைவிட்டு அனுப்ப முடிவு செய்திருந்த மேனேஜர் சுந்தர்ராஜ் முன்னால் போய் நின்றாள்.

"பெட் நம்பர் சொல்லச் சொன்னது நான் சார். கயல மட்டும் வேலையவிட்டு அனுப்புறது நியாயமில்ல."

சுந்தர்ராஜ் கெட்டவர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார். "அந்தம்மா மகன் அழகர் கீழ நிக்கிறாரு. யாரு செஞ்சதுன்னு கேக்குறாரு. ஒரு பேரு சொன்னாத்தான் அடங்குவாரு."

"அப்ப எம் பேரச் சொல்லுங்க."

"நீங்க போயிட்டா வார்ட யாரு பாக்கிறது? வார்டு வழக்கமே தப்புன்னு சொன்னா நாளைக்கு யாரு சிஸ்டர் இங்கன வருவாக? அந்தப் பிள்ளையோட முடியட்டும்."

கீழே வந்தபோது கயலின் வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாமல் மேசைமேல் இருந்தது. "சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டுப் போடின்னேன். முடியலக்கான்னு பஸ்ஸுக்குப் போயிட்டா," என்றாள் ஜெபஷீலா.

மூணாம் பெட்டுக்கு இன்சுலின் நேரம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிருபாவதியே ஊசியை எடுத்துக்கொண்டு போனாள். சர்க்கரைக்காரச் சங்கிலியம்மாள் தன் கட்டிலுக்குத் திரும்பியிருந்தாள். ஒரு கட்டில் தள்ளி அஞ்சாம் கட்டில் விரிப்பு மாற்றப்பட்டு வெறுமையாகக் கிடந்தது. அதற்கு மேல் ஃபேன் சுற்றியது.

கிருபாவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒங்க பேரு என்னம்மா?"

சங்கிலியம்மாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாம் பெட்டு சிஸ்டர். நான் எங்கனயும் மாறல."

"அதில்லம்மா," என்றாள் கிருபாவதி. ஊசியின் மூடியைக் கழற்றாமல், சட்டத்தைப் பிடித்திருந்த அந்த விரல்களின் மேல் தன் கையை வைத்தாள். "பேரு. ஒங்க பேரு."