ஆந்தையைச் செய்யாதவன்

இத்தனைக்கும் அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. அலுவலக மேசைமேல் இருந்த ஆந்தை பொம்மையைக் கையில் எடுத்த, கோப்புகளைக் கவனிக்கும் 'கோப்பு அக்கா', "அடேயப்பா, என்ன அழகு! நீங்களா தம்பி செஞ்சீங்க?" என்று கேட்டபோது தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சிரித்தான், அவ்வளவுதான். வாயைத் திறந்து சொன்னால்தான் பொய். உதட்டை மட்டும் வளைத்தால் அதற்குப் பெயர் தன்னடக்கம்.

ஆந்தையைச் செய்தது அவன் தங்கை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் விளிம்பில் இருக்கும் காட்டுக்குப் போய்விடுவாள். பைன் காய், ஓக் கொட்டை, சுள்ளி, மரப்பட்டை, பாசி என்று அள்ளி வந்து சமையலறை மேசையில் கடை பரப்புவாள். பொழுது சாய்வதற்குள் அதிலிருந்து ஒரு நரியோ முள்ளம்பன்றியோ எழுந்து உட்கார்ந்திருக்கும். இந்த ஆந்தைக்குப் பைன் காய் உடம்பு, ஓக் கொட்டைத் தலை, கொட்டையின்மேல் தொப்பிபோல இருக்கும் மூடிகள் இரண்டு கண்கள். "உன் மேசையில உருப்படியா ஒண்ணாவது இருக்கட்டும்ணா" என்று கொடுத்தாள். எப்படிச் செய்தாள் என்றும் விளக்கமாகச் சொன்னாள். அவன் கைபேசியைப் பார்த்தபடி 'ம்' கொட்டினான்.

அவன் இருந்தது குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில். தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு 'தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் எழுதுவது பணி. ஏழு வருடத்தில் அவனை யாரும் ஒரு முறைகூட வியந்து பார்த்ததில்லை. ஆந்தை வந்த ஒரே வாரத்தில் 'ஆந்தையார்' என்று பேர் விழுந்தது. பக்கத்துப் பிரிவிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வாரம் சிரித்த சிரிப்பைத் திரும்ப வாங்குவது எப்படி?

"எங்களுக்கும் சொல்லிக் குடுங்க ஆந்தையாரே" என்று ஆரம்பித்து வைத்தவர் மீட்டர் கணக்கெடுக்கிறவர். புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் வகுப்பு. ஒன்பது பேர் காட்டிலிருந்து பொறுக்கி வந்த கொட்டைகளோடும் பசையோடும் உட்கார்ந்தார்கள். கோப்பு அக்கா நோட்டு வேறு கொண்டுவந்திருந்தார். ஒட்டுகிற வேலையைத் தங்கை செய்யும்போது சோபாவிலிருந்து பார்த்திருந்ததால் அதுவரைக்கும் வண்டி ஓடியது.

"தம்பி, இந்தக் கொட்டைய ஏதாவது பண்ணணுமா, இல்ல அப்படியே ஒட்டலாமா?" என்று கோப்பு அக்கா கேட்டார்.

அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"ஒண்ணும் பண்ணக் கூடாதுக்கா. இயற்கைய இயற்கையா விடணும்."

கோப்பு அக்கா அதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அவர் செய்தது ஒரு அணில். வாலுக்குப் பாசி, வயிற்றுக்கு ஓக் கொட்டை. மகன் வீட்டில் இருக்கிறவர். மருமகளோடு அவருக்கு ஒத்துப்போகாது என்பது அலுவலகம் அறிந்த விஷயம். மறுநாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். "பேரன் தொட்டிலுக்கு மேல மருமக கட்டச் சொல்லிட்டா தம்பி! நான் வாங்கிட்டுப் போன எதையும் அவ இதுவரைக்கும் கையால தொட்டதில்ல. எல்லாம் உங்களாலதான்." அவன் தலையைச் சாய்த்துச் சிரித்தான். பழகிவிட்டது.

மூன்றாவது வாரம் மீட்டர்க்காரர் தன் மேசையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஆந்தையாரே, என் நரி குட்டி போட்டிருக்கு."

நரியின் தலையில் குண்டூசி நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. கோப்பின்மேல் வெள்ளையாக, கொழுகொழுவென்று ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் முயல், மான், ஆமை எல்லாவற்றிலிருந்தும் புழு இறங்கியது.

"எல்லாருக்கும் புழு. உன் ஆந்தைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. தொழில் ரகசியத்த மறைச்சிட்டியேப்பா" என்றார் மீட்டர்க்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அவனுக்கு முன்னால் இரண்டே வழி. வஞ்சகன் என்று பேர் வாங்கலாம். அல்லது அதை நான் செய்யவே இல்லை என்று சொல்லி அதைவிட மட்டமான பேர் வாங்கலாம். வஞ்சகனுக்காவது கைவேலை தெரியும் என்று அவன் மனம் கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்ட மனத்தை அவனாலேயே நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கோப்பு அக்கா அன்று வரவில்லை. மறுநாள் வந்தவர் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "குழந்தை கன்னத்துல புழு விழுந்திருக்கு தம்பி. மருமக போட்ட சத்தத்துல மாடி வீட்டுக்காரங்க இறங்கி வந்துட்டாங்க. இனிமே குழந்தை பக்கத்துல வராதீங்கன்னு சொல்லிட்டா." கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். "உங்க பேர நான் இழுக்கல. அந்தத் தம்பி சரியாத்தான் சொல்லிக் குடுத்தது, நான்தான் தப்பா செஞ்சிட்டேன்னு சொன்னேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்க முகம் வேண்டுமே.

சாயங்காலம் வீட்டில் தங்கையிடம் சுற்றி வளைத்துக் கேட்டான். "ஏம்மா, இந்தக் கொட்டைக்குள்ள புழு இருக்குமா?"

"பின்ன? வண்டு முட்டை போட்டிருக்குமே. அதுக்குத்தான் ஓவன்ல சின்னச் சூட்டுல ஒரு மணி நேரம் வைக்கிறது. வைக்காம எவனாவது ஒட்டுவானா?"

"ஒன்பது பேர் ஒட்டிட்டாங்க."

"எந்த அறிவாளி சொல்லிக் குடுத்தான்?"

சொன்னான்.

"என் ஆந்தைய நீ செஞ்சேன்னு சொன்னியா?"

"சொல்லல."

"அப்புறம்?"

"சிரிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. "கேட்டிருந்தா உனக்கே செய்யச் சொல்லிக் குடுத்திருப்பேனேண்ணா. நான் சொன்னப்போ ம் ம்னியே, அதெல்லாம் யாருக்கு?" என்று எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு.

சனிக்கிழமை காலை கோப்பு அக்காவின் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் 'தங்கள் மனவருத்தம் கவனத்தில் கொள்ளப்பட்டு' என்றே தொடங்கியது. கதவைத் திறந்தது மருமகள், தோளில் குழந்தை.

"யாரு வேணும்?"

"நான் உங்க அத்தையோட ஆபீஸ். அந்த ஆந்தை... அந்த ஆந்தைய நான் செய்யல."

"எந்த ஆந்தை?"

அதையும் விளக்க வேண்டியிருந்தது. தங்கை செய்தது, தான் சிரித்தது, தெரியாமல் வகுப்பெடுத்தது, கொட்டையை ஒன்றும் பண்ணக் கூடாது என்று தானே சொன்னது எல்லாம் வாசற்படியிலேயே வந்து விழுந்தது. மருமகள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். முடிந்ததும் உள்ளே பார்த்து, "அத்தை, இங்க வாங்க. இவர் என்னமோ சொல்றார்" என்றாள்.

கோப்பு அக்கா கையைத் துடைத்தபடி வந்தார். "வாங்க தம்பி!" என்றவரிடம் எல்லாவற்றையும் மறுபடியும், இந்த முறை கண்ணைப் பார்த்துச் சொன்னான். முதல் தடவையே இதைவிடச் சுலபமாக இருந்தது.

"நான் அன்னிக்குக் கேட்டேனே தம்பி" என்றார் அவர் மெதுவாக. "ஏதாவது பண்ணணுமான்னு உங்களத்தானே கேட்டேன்."

"ஆமாக்கா."

"தெரியலன்னு சொல்லியிருந்தா நான் என்ன, உங்கள மட்டமா நினைச்சிருக்கப் போறேனா?"

மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இவனக் கொஞ்சம் பிடிங்க அத்தை, அவருக்குத் தண்ணி கொண்டு வரேன்" என்று குழந்தையை நீட்டினாள். கோப்பு அக்கா ஒரு நொடி தயங்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியதும் அவர் முகம் குழந்தையின் பக்கம் திரும்பியதுதான். அப்புறம் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

தண்ணீர் வந்தது. வாசற்படியில் நின்றபடியே குடித்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.