சம்மதம் கேட்க வைத்திருந்த செல்

ஆரோக்கியநாதனின் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். பட்டணத்தில் வேலை பார்க்கும் மைத்துனன் தோமினிக் சிங்கவரத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த காது மிஷின். வால்வு வைத்த பழைய மிஷினென்றால் பேட்டரியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். இது டிரான்சிஸ்டர், கரண்டைக் கொஞ்சமாகத்தான் தின்னும், சுண்டுவிரல் அளவு செல் ஒன்றே போதும் என்று அவன் பெருமையடித்துக்கொண்டான். சத்தத்தைக் கூட்டினால் மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தச் செல் செஞ்சிக் கடைத்தெருவில் கிடைக்காது.

செல்லை மிச்சம் பிடிக்க மனுஷர் அன்றைக்கே மிஷினின் சத்தத் திருகை மூடிவிட்டார். காது மிஷினை வைத்துக்கொண்டு செவிடாகவே இருந்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மகள் மரியசெல்வி பிறப்பதற்கு முந்தின வருஷம் விஷக்காய்ச்சலில் காது போனது. பெற்ற மகளின் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. தோமினிக் வந்த அன்றும் அவள் கடலைக்கொல்லையில் இருந்தாள். இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயிலில் சாமியார் கேட்க, அவள் 'சம்மதம்' என்பாளே, அதுதான் தன் காதில் விழும் அவளுடைய முதல் வார்த்தை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். என்ன பிடிவாதமோ.

சனிக்கிழமை மத்தியானம் செல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து திருகைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பங்கரை. மனைவி ராயம்மாள் குரல் தெரிந்தது. கூடவே இன்னொரு குரல், இளசாக, கொஞ்சம் கரகரப்பாக. மகள்தான். மூடிவிட வேண்டும் என்று நினைத்தார், கை வரவில்லை. வார்த்தை பிடிபடவில்லை, செல் போனால் போகட்டும் என்று சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

"அனந்தபுரம் சந்தையில அந்த மாப்பிள்ள பெத்த தாயையே அடிச்சத என் கண்ணால பாத்தேம்மா. எனக்கு அவரு வாணாம்."

கோயிலில் கல்யாண ஓலை இரண்டு வாசித்தாயிற்று, இனி என்ன செய்வது என்று ராயம்மாள் அழுதாள்.

"நைனா அந்த ஒரு வார்த்தையக் கேக்கத்தான் செல்ல மிச்சம் புடிச்சு வச்சிருக்காரு. அவருக்காகத்தாம்மா சம்மதம்னு சொல்லப் போறேன்."

ஆரோக்கியநாதன் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். திருகை மூட நினைவில்லை. செல் தீர்ந்து, அவள் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது.

மறுநாள் பூசையில் மூன்றாவது ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். ஆரோக்கியநாதனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் மரியசெல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலை குனிந்தது. பெயர் வந்துவிட்டது என்று புரிந்து எழுந்தார்.

"எம் பொண்ணுக்கு இஷ்டமில்ல சாமி. என் காதாலயே கேட்டேன்."

செவிடன் காதால் கேட்டானாம் என்று நாலு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சாமியார் ஓலையைத் தாழ்த்திப் பெண்கள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மரியசெல்வி எழுந்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது.

என்ன சொன்னாளோ, அவருக்குக் கேட்கவில்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தார். அது போதும் என்று உட்கார்ந்தார்.