இருபத்திரண்டு கிலோ

காலை பத்து நாற்பது. எடை மேடையில் நின்ற கார் இருபத்திரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது.

"திரும்பப் பாருங்க," என்றார் பொறியாளர்.

"மூணு தடவை பாத்துட்டேன் சார். பக்கத்து வண்டிக்குச் சரியாத்தான் காட்டுது," என்றார் சோதனை ஓட்டுநர்.

பொறியாளருக்குத் தொழிற்சாலையில் கிராம் என்று பெயர். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சின்ன கார் விலையில் ஐந்து பேர் போகும் எஸ்யூவி வர வேண்டும். அதற்காக இரண்டு வருடமாக கிராம் கிராமாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். இன்று அறிமுக விழா. எடைத்தாளில் அவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஸ்டெப்னியை இறக்கினார்கள். ஸ்டெப்னியின் எடை மட்டும் குறைந்தது. கூடுதலான இருபத்திரண்டு அப்படியே நின்றது. தரைவிரிப்பை எடுத்துத் தூசி உறிஞ்சியால் இழுத்தார்கள். ஒரு சிட்டிகை மணல்கூட வரவில்லை.

மணலைத்தான் இருவரும் தேடினார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

சோதனை ஓட்டத்தில் ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகள். ஓட்டுநர் அவற்றுக்கு உறவுமுறை வைத்திருந்தார். எழுபது கிலோ மாமா. அறுபது கிலோ அத்தை. பின்னிருக்கை நடுவில் இருபத்திரண்டு கிலோ பாப்பா. பாப்பாவுக்கு மார்க்கரால் இரண்டு கண் வரைந்திருந்தார்.

அந்த நடு இருக்கையில் தோள் பெல்ட்டை எடுத்துவிட்டு இடுப்புப் பட்டை மட்டும் வைத்தவர் கிராம். ஒன்றேகால் கிலோ மிச்சம். போன செவ்வாய்க்கிழமை திடீர் பிரேக் சோதனையில் பாப்பா பட்டையைத் தாண்டிப் பறந்தது. முன்னால் மோதிக் கிழிந்தது.

"மூட்டையை ஒழுங்காக் கட்டலன்னு எழுதுங்க," என்றார் கிராம் அன்று.

"நல்லாத்தான் கட்டினேன் சார்."

"எழுதுங்க."

ஓட்டுநர் எழுதினார். இரண்டு நாள் அவர் தலையிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது.

இப்போது அவர் கிடங்குக்குப் போய்ப் பழைய தோள் பெல்ட்டைக் கொண்டுவந்தார். கேட்காமலே மாட்டினார். எடை மேடையின் முள் சட்டென்று இறங்கியது. ஒன்றேகால் கிலோ மட்டும் கூடுதல்.

"கழட்டுங்க," என்றார் கிராம்.

கழற்றினார். இருபத்திரண்டு.

"இதையே போட்டுருவோம் சார். அது அதைத்தான் கேக்குது."

"எது?"

ஓட்டுநர் பின்னிருக்கையைப் பார்க்காமல் கையைத் துடைத்தார்.

விற்பனைப் பிரிவுத் தலைவி வேகமாக வந்தாள். "என்ன கிராம், வண்டியோட குடும்பம் நடத்துறீங்களா? பதினொன்றரைக்குத் திரை விலகணும்."

"நடு பெல்ட்டை மாத்தலாமான்னு பாக்குறேன்."

"ஊர் முழுக்க விலையைப் போட்டு போஸ்டர் ஒட்டியாச்சு. இப்ப மாத்தினா மூணு மாசம் போகும், விலையும் ஏறும். அப்புறம் நீங்களும் நானும் வீட்ல உக்காந்து வெங்காயம் உரிக்கலாம்." திரும்பியவள் நின்றாள். "உங்க பொண்ணு வந்தாச்சு. நம்ம ஆளுங்களோட குழந்தைகளை உக்கார வச்சு ஒரு ரவுண்டு விடறோம். அவதான் நடுவுல. சிரிச்சா படத்துக்கு அம்சமா இருக்கும்."

போன மாதம் பள்ளியில் மகளுக்கு எடை பார்த்து அனுப்பிய சீட்டு கிராமுக்கு ஞாபகம் வந்தது. அதை நினைக்காமலிருக்கப் பார்த்தார். மேடை காட்டியதை விட்டுவிட்டு, தாளில் இருக்க வேண்டிய எடையை எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

ஓட்டுநர் தோள் பெல்ட்டைச் சுருட்டி மேஜைமேல், கிராமின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

திரை விலகியது. கைதட்டினார்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு பக்கமும் குழந்தைகள். நடுவில் மகள், புது கவுனில்.

கிராம் குனிந்து அவள் இடுப்பில் பட்டையைப் போட்டார். இழுத்து இறுக்கினார். இன்னும் கொஞ்சம் இறுக்கினார். அவள் மடியில் மணல் கிடந்தது. தட்டிவிட்டார். மறுபடியும் இருந்தது.

என்ஜின் உறுமியது.

"கதவைச் சாத்துங்க கிராம்!" என்று தலைவி கத்தினாள்.

மகள் அவர் காதருகே வந்தாள். யாரோ சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் ஒப்பிப்பவள்போல மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நல்லாத்தானே கட்டியிருந்தாங்க? ஏன் கட்டலன்னு எழுதச் சொன்னீங்க?"