கார்புரேட்டர் காயும் வரை

"எஞ்சினை நிறுத்துங்கப்பா" என்றேன்.

எங்கள் ஷெட்டில் இதை மட்டும் கேட்கக் கூடாது. பழைய படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டி, பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்ப்பதுதான் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை. ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை உருவிவிடுவார். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்து எஞ்சின் தானாக அடங்க வேண்டும். நடுவில் அணைத்தால் உள்ளே தங்கும் பெட்ரோல் பிசின் மாதிரி ஆகிவிடுமாம். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. போன வருஷம் "போதுங்க, காது அடைக்குது" என்று சொன்னதற்கு அம்மாவுக்கு இரண்டு பல் ஆடியது.

"குழாயை உருவியாச்சுல்ல? பொத்திக்கிட்டு நில்லு" என்றார் அப்பா.

டிரம் விளிம்பில் கட்டிய பலகையோடு எஞ்சினைப் பிடித்திருப்பவை இரண்டு திருகுகள். அப்பா கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். புதுச் சிவப்பில் கீறல் விழக் கூடாதென்று, திருகுக்கும் பலகைக்கும் நடுவே பழைய பனியனை மடித்துச் செருகியிருந்தார். அதிர்வில் துணி நழுவி, இடது திருகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. ஆடும் எஞ்சினை அழுத்திப் பிடிக்கிற வேலை அம்மாவுக்கு. நியூட்ரல் இல்லாத கிழட்டு எஞ்சின்; அது ஓடினால் அடியில் மூன்று இறக்கை விசிறியும் சுற்றும்.

"திருகு கழலுதுப்பா. அம்மாவைக் கையெடுக்கச் சொல்லுங்க."

பக்கத்துப் பட்டறை வெல்டர் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு பட்டம் வாங்கினதுலேர்ந்து நம்ம எல்லாருக்கும் மார்க் போடுதுண்ணே!"

"இலையை எண்ணிப் படிச்ச கழுதை, எனக்கு எஞ்சின் சொல்லித் தருது."

சொல்லிக்கொண்டே அறைந்தார். காது குய்யென்றது. வம்சத்திலேயே முதல் டிகிரி என்று என் தாவரவியல் பட்டமளிப்புப் படத்தைத் தெரு முழுக்கக் காட்டியதும் இதே கைதான்.

"நீ பேசாம இருடி, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள் அம்மா. பற்கள் கிடுகிடுத்ததில் பாதி வார்த்தை உடைந்துபோனது.

அணைக்கும் பொத்தானை நோக்கிப் பாய்ந்தேன். அப்பா என் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையை இரும்புத் தூணில் மோதினார். உதடு கிழிந்தது. மறுபடியும் கையை நீட்டினேன். மறுபடியும் மோதினார்.

அப்போதுதான் எஞ்சின் பலகையை விட்டு எகிறியது. பனியன் துணி பறந்தது. அடிப்பாகம் டிரம் விளிம்பைத் தாண்டி மேலே வந்து, விசிறி அம்மாவின் முழங்கைக்குக் கீழே இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம். அம்மா கத்தவில்லை, நான்தான் கத்தினேன். எஞ்சின் தரையில் விழுந்து, சிமென்ட்டைக் கொத்திக் கொத்தி ஒருவழியாக ஓய்ந்தது. சுவரெல்லாம் ரத்தம். வெல்டரின் சட்டையிலும் ரத்தம்.

அப்பா எஞ்சினிடம்தான் ஓடினார். அதைப் புரட்டிப் போட்டு, கட்டைவிரலால் பெயின்டைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, அண்ணியைப் பாருங்கண்ணே!" என்று வெல்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

துப்பட்டாவால் அம்மாவின் கையை இறுக்கிக் கட்டினேன். கட்டுவதற்கு முன்பு உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அப்பா எழுந்து வந்தார். "ஆஸ்பத்திரில கேட்டா, கண்ணாடிக் கதவுல விழுந்துட்டாள்னு சொல்லணும். போலீஸு கீலீஸுன்னு வந்தா ஷெட்டையே இழுத்துப் பூட்டிருவானுங்க." அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏய், சொல்லு. எதுல விழுந்த?"

அம்மாவுக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. "கண்ணாடில" என்றாள்.

நான் பெரிய ஸ்பேனரை எடுத்து அவருடைய மணிக்கட்டில் அடித்தேன். தோளை விட்டுவிட்டார். இன்னொரு முறை அடித்தேன். உள்ளே ஏதோ நொறுங்குவது என் கைக்கே தெரிந்தது. சத்தியமாக, எனக்கு வருத்தமாக இல்லை.

"பெத்த அப்பனையே அடிக்கிறியாடி?" மண்டியிட்டு, கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"ஆமா, அடிச்சேன். மாமா, வாய் பார்த்தது போதும். போய் வண்டியை எடுங்க."

வெல்டர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவியைத் துழாவிக்கொண்டே ஓடினார்.

அம்மாவை எழுப்பி நிறுத்தினேன். "அங்க போய் என்னடி சொல்லப் போற?" என்றாள்.

"நடந்ததை. உன்னை யாரு பிடிக்கச் சொன்னது, நிறுத்தச் சொன்னப்ப யாரு என்னை மோதினது, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நான் ஸ்பேனரால அடிச்சதையும் சேர்த்து."

"உன்னையும் பிடிச்சுட்டுப் போயிருவாங்கடி."

"போகட்டும்."

அம்மா நல்ல கையால் என் இடுப்பைப் பற்றிக்கொண்டாள். பின்னால் அப்பா வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ஷெட் கதவைக் காலால் தள்ளித் திறந்து, அம்மாவைத் தாங்கியபடி ரோட்டில் இறங்கினேன்.