பெருக்கல் குறி விழாத கோடு

"நான் என்ன சொல்ல வர்றேன்னா, கோடு போட்டிருக்கேன், அது..."

"போட்டீங்க அண்ணி, யாரு இல்லைன்னா? சுவர் நிக்கறதுக்குக் கோடு போட்டிருக்கீங்க!"

"முழுசா சொல்ல விடேன்..."

"சொல்லுங்க, நல்லா சொல்லுங்க. எனக்கென்ன அவசரம்? எப்படியும் இங்கேருந்து நகர முடியாது."

நாத்தனார் சொன்னது உண்மைதான். அம்மாவுக்கென்று காலையில் வாங்கி வந்த சக்கர நாற்காலியில், சரியாகப் போகிறதா பார்க்கிறேன் என்று தானே ஏறி உட்கார்ந்து, குளியலறை வாசலைத் தாண்டிப் பாதி போனதும் மாட்டிக்கொண்டுவிட்டாள். வலப்பக்கச் சக்கரம் கை கழுவும் தொட்டியை உரசியது. இடப்பக்கச் சக்கரம் துண்டுச் சுவரில் முட்டியது. பழைய நாளில் யாரோ எதற்காகவோ கட்டிய சுவர். இரண்டு சாண் நீளத்துக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இடித்திருக்க வேண்டியது. இடிபடாமல், புது டைல்ஸ் ஒட்டிக்கொண்டு, வெந்நீர்க் குழாயும் மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது.

அண்ணி கையில் வரைபடத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். ஊரார் வீட்டுக்கெல்லாம் வரைபடம் போடுகிறவள். இது அவள் சொந்த வீடு. ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு உடைந்து கிடக்கும் மாமியாரை மதியத்துக்குள் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கே மகன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். இங்கே அம்மா போக வேண்டிய வழியில் மகள் சிக்கிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க அந்த ரசமட்டம்? அவரைக் கூப்பிடு" என்றாள் அண்ணி.

"இங்கதான் மேடம் நிக்கறேன்" என்றார் கொத்தனார். எந்நேரமும் கையில், சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையோடு அலைவதால் வேலை செய்யும் இடமெல்லாம் அவருக்கு அதுதான் பேர். "தாளைப் பாருங்க மேடம். பெருக்கல் பெருக்கலா குறி போட்ட கோடு எல்லாம் இடின்னு நீங்கதான் சொன்னீங்க. சமையலறைச் சுவர், குறி இருந்துச்சு, இடிச்சேன். இந்த வாசலை அகலமாக்கச் சொல்லி ரெண்டு பக்கமும் குறி, இடிச்சேன். இதுல குறி இல்லை. முழுக் கோடு. முழுக் கோடுன்னா நிக்கற சுவர். குழாய்க்காரன் வந்து, நிக்கற சுவர்தானேன்னு பைப்பை அதுக்குள்ள விட்டுட்டுப் போனான்."

"உங்களுக்கே தோணலையா, இந்த இடத்துல எதுக்குச் சுவர்னு?"

"தோணுச்சு. சோப்பு வைக்க ஆசைப்பட்டிருப்பீங்கன்னு நெனைச்சேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை முழுங்கிக்கொண்டு, "அண்ணி, சோப்பு சௌக்கியமா இருக்கும். எங்கம்மா எங்க இருப்பாங்க?" என்றாள்.

அண்ணி உள்ளே ஓடி, மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கி வந்தாள். நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"பாரு. கண்ணால பாரு. இந்தக் கோடு கம்ப்யூட்டர்ல ரெடிமேடா இருக்கற கோடு இல்லை, நானே உண்டாக்கினது. சாதாரணப் புள்ளிக் கோடு போட்டா, மேல பரண் வருதுன்னு நெனைச்சுக்கறாங்க. அதான் இவங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு செஞ்சேன். நீளமா ஒரு கோடு, கொஞ்சம் இடைவெளி, ஒரு பெருக்கல் குறி, மறுபடி இடைவெளி. அதுவே திரும்பத் திரும்ப வரும். 'இடி'ன்னு பேர் வெச்சேன்."

"நல்ல பேர்."

"ஒரு தடவை முழுசா வர்றதுக்கு அதுக்குன்னு ஒரு நீளம் வேணும். சுவர் அதைவிடச் சின்னதா இருந்தா, பாதியில வெட்டிப் போடாது. வெறும் முழுக் கோடா போட்டுடும். இந்தச் சுவர் ரெண்டு சாண். குறி விழ இடம் பத்தலை. இரு, இந்த முனையைப் பிடிச்சு இழு."

நாத்தனார் விரலால் இழுத்தாள். கோடு நீண்டது. ஓரிடத்தில் டக்கென்று ஒரு பெருக்கல் குறி முளைத்தது. பின்னால் தள்ளினாள். குறி போய்விட்டது. இழுத்தாள், வந்தது. தள்ளினாள், போனது. கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"சிவப்பா இருக்கே?"

"அதான்! இடிக்கறதெல்லாம் திரையில சிவப்பு. குறி விழுந்தாலும் விழாட்டாலும் என் கண்ணுக்கு அது இடி. தாள்ல அடிச்சதும் எல்லாம் கறுப்பு."

"ஓஹோ."

"என்ன ஓஹோ? நம்பலையா?"

"நம்பாம என்ன? என் தையல் மெஷின்லயும் பூத்தையல் இருக்கு. துணி ரெண்டு விரலுக்குன்னா பூ விழாது, வெறும் தையலாத்தான் போகும்." மடிக்கணினியை மூடினாள். "ஆனா பூ விழலைன்னா நான் பார்ப்பேன் அண்ணி. பிரிச்சுட்டுத் திரும்பத் தைப்பேன். இதை அந்த மாதிரி சரி பண்ண முடியாதா?"

"முடியும். அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் அளவைச் சுருக்கினா குறி விழும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது... ஆகாது. நேரமே ஆகாது."

"அப்புறம்?"

"கவனிக்கலை."

"சமையலறையைக் கவனிச்சீங்க. அங்க ஒரு குறிகூடத் தப்பலை. அழகா இடிஞ்சு, காத்தோட்டமா, நடனமே ஆடலாம். எங்கம்மா போற வழி மட்டும் கண்ணுல படலை."

"இங்க பாரு, வேணும்னே செஞ்சேன்னு சொல்றியா?"

"நான் அப்படிச் சொன்னேனா? நீங்கதான் சொல்றீங்க."

ரசமட்டம் மெதுவாகக் கூடத்துப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க? நில்லுங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அண்ணி சுவரைத் தட்டினாள். பிறகு எதிர்ப்பக்கம் போய்த் தொட்டியைத் தட்டினாள். திரும்பி வந்தாள். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை அவளுக்கு. "இப்ப இடிச்சா?"

"இடிக்கலாம் மேடம். உள்ள பைப் இருக்கு. தண்ணியை நிறுத்தணும், வீடு முழுக்க. குழாய்க்காரன் வந்து பைப்பை அந்தப் பக்கம் மாத்தணும். அவன் வேற வேலையில இருக்கான். நாளைக்கோ, மறுநாளோ. அதுவரைக்கும் குளியலறையைத் தொட முடியாது."

"ரெண்டு நாளைக்கு அத்தைக்கு அறையிலேயே பெட்பேன் வெச்சு..."

"மாட்டாங்க அண்ணி. ஆஸ்பத்திரியிலேயே அதுக்குப் பயந்துக்கிட்டுத் தண்ணி குடிக்காம கிடந்தாங்க. நர்ஸ் என்னைத் திட்டினாங்க. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னா மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. தூக்கிட்டுப் போக நான் என்ன பயில்வானா?"

அப்போது மடிக்கணினியின் மேல் கிடந்த செல்போன் அதிர்ந்தது. அண்ணனின் பேர். நாத்தனார் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"எல்லாம் முடிஞ்சுது. வண்டி வந்து நிக்குது. கிளம்பவா?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்னங்க, ஒரு சின்னச் சிக்கல்" என்றாள் அண்ணி.

"சின்னது இல்லைண்ணே. ரெண்டு சாண் இருக்கு."

சொன்னார்கள். ஒருத்தி பைப்பைச் சொல்ல, இன்னொருத்தி சோப்பைச் சொல்ல, நடுவில் ரசமட்டம் தன் பங்குக்கு ஒரு வார்த்தை போட, எப்படியோ விஷயம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"சரி, அப்படின்னா ஒண்ணு செய்யலாம்" என்றான் அவன், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "இங்க பக்கத்துலயே ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. விசாரிச்சேன். இடம் இருக்காம். ரெண்டு நாள்தானே."

நாத்தனாரின் முகம் மாறிவிட்டது. "எப்ப விசாரிச்சே?"

"சும்மா... ஒரு யோசனைக்கு..."

"சுவர் நிக்குதுன்னு இப்பத்தான் உனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடியே எதுக்கு விசாரிச்சே? அண்ணி, நீங்க சொன்னீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது!"

"ரெண்டு நாளைக்குன்னு அங்க போனவங்க யாருண்ணே ரெண்டு நாள்ல திரும்பினாங்க? என் பக்கத்து வீட்டுக்காரங்க மாமியாரை அப்படித்தான் விட்டாங்க. அவங்க கட்டில்ல இப்ப துணி மடிச்சு வெக்கறாங்க."

"ஏய், கத்தாதே. இங்க எல்லாரும்..."

"கத்துவேன்! நான் நகர முடியாம உக்காந்திருக்கேன், கத்தறதைத் தவிர வேற என்ன செய்ய?"

அண்ணி இதற்குள் நாத்தனாரின் தோள்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அளவு நாடா, ஊசிப் பெட்டி, கத்தரிக்கோல். துணியில் குறி போடும் சீமைச் சுண்ணத்தைக் கண்டுபிடித்து எடுத்தாள். துண்டுச் சுவரின் முன்னால் குந்தி, பளபளக்கும் டைல்ஸின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள். சுண்ணம் வழுக்கியது. அழுத்திப் போட்டாள். பட்டும் படாமல் வெள்ளையாக ஒரு கீறல் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று.

"என்ன பண்றீங்க?"

"இடி. இது இடி. குறி போட்டுட்டேன், போதுமா? தண்ணியை நிறுத்துங்க. பைப் உடைஞ்சா உடையட்டும். குழாய்க்காரர் எந்த வேலையில இருந்தாலும் இப்பவே வரச் சொல்லுங்க, இல்லைன்னா வேற ஆளைப் பிடிங்க. சாயங்காலத்துக்குள்ள வழி வேணும் எனக்கு."

"மேடம், டைல்ஸ் எல்லாம் புதுசு..."

"நான்தானே வாங்கினேன்?"

ரசமட்டம் நாத்தனாரைப் பார்த்தார். "அப்ப இவங்களை முதல்ல வெளியில எடுக்கணும்."

அவர் பின்னாலிருந்து இழுக்க, அண்ணி நாற்காலியைத் தாண்டி உள்ளே போய் முன்னாலிருந்து முட்டியால் தள்ள, நாற்காலி டைல்ஸில் ஒரு நீளக் கோடு கீறிக்கொண்டு வெளியே வந்தது. நாத்தனார் எழுந்து நின்று முதுகைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் இருந்த வெள்ளைக் குறிகளை உற்றுப் பார்த்தாள். பாதி அதற்குள் அழிந்திருந்தன.

"இந்தச் சுவருக்கும் பெருக்கல் குறிக்கும் ஆகவே ஆகாது போல அண்ணி" என்றாள். குரலில் பழைய காரம் இல்லை.

அண்ணி கையிலிருந்த சுண்ணத்தைப் பார்த்தாள். புடவையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி துடைத்தாள். அவளுக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது: அன்றைக்குத் தாளைச் சரிபார்த்தபோது சமையலறைப் பக்கத்தை விரல் வைத்து, கோடு கோடாகப் பார்த்தாள். குளியலறைப் பக்கம் வந்ததும், சரியாகத்தான் இருக்கும் என்று தாளைச் சுருட்டிவிட்டாள்.

செல்போன் நாற்காலி இருக்கையில் கிடந்தது. அதில் இன்னும் மூச்சு கேட்டது. வண்டிச் சத்தமும் கேட்டது.

"என்னங்க, அத்தையைக் கூட்டிட்டுக் கிளம்புங்க" என்றாள் அண்ணி, போனை எடுக்காமல், குனிந்து. "சுவரை இடிக்கச் சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வழி ஆயிடும்."

அந்தப் பக்கம் அவன் ஏதோ முணுமுணுத்தான். போன் கை மாறும் சரசரப்பு. பிறகு மாமியாரின் குரல் வந்தது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன் என்கிற மாதிரி, நிதானமாக.

"சுவரை இடிச்சா நான் உள்ள வரலாம், அது எனக்கும் தெரியும்மா. நான் வரணும்னு நீ நெனைக்கிறியா, அதைச் சொல்லு."