இரண்டாவது நாற்காலி

ஈலா ஊரில் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று செத்துப்போனால், தாய்க்காரி மிச்சமிருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே அகன்பியின் போட்டோ ஸ்டூடியோவுக்குத்தான் வருவாள். முன்னெல்லாம் செத்ததற்கு மரத்தில் பொம்மை செதுக்கி, குளிப்பாட்டி, சோறூட்டி வைத்திருந்தார்கள். பள்ளிவாசலும் மாதாகோயிலும் வந்து அதைப் பாவம் என்று சொன்னபிறகு பொம்மையின் இடத்துக்குப் போட்டோ வந்தது. செத்ததைக் கவனிக்காமல் விட்டால் அது கோபித்துக்கொண்டு கூடப்பிறந்ததையும் கூப்பிட்டுக்கொள்ளும் என்கிற பயத்தை மட்டும் யாராலும் விரட்ட முடியவில்லை.

அகன்பிக்கு அது கைவந்த வேலை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி. லென்ஸில் பாதியை மூடிக்கொண்டு, பிள்ளையை இடது நாற்காலியில் உட்காரவைத்து ஒருதரம் எடுப்பான். பிறகு அதே பிலிமில் மறுபாதியை மூடி, பிள்ளையை வலது நாற்காலிக்கு மாற்றி இன்னொருதரம். கழுவி எடுத்தால் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு உட்கார்ந்திருப்பார்கள். தாய்மார்கள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் போனதும் இவன் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போவான். அடுத்த வீட்டுச் சாவுதானே!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். உள்நாட்டுச் சண்டை முடிந்த மறுவருஷம் தட்டம்மை அவன் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, அவனுடைய ஐந்து வயது இரட்டைப் பிள்ளைகளில் டைவோவைத் தூக்கிக்கொண்டு போனது. கெஹிண்டே பிழைத்துக்கொண்டான். எந்த வீட்டு இரட்டையருக்கும் இந்தப் பெயர்கள்தான். முதலில் பிறப்பது டைவோ, பின்னால் பிறப்பது கெஹிண்டே. ஆனால் பின்னால் வருகிறவன்தான் அண்ணன். உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்லடா என்று தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு வருகிறவன். இப்போது போகிற வழியிலும் தம்பி முந்திக்கொண்டான். அண்ணனும் பின்னாலேயே கிளம்பிவிடுவானோ என்று பெற்றவள் அபெனி ராத்திரியெல்லாம் விழித்துக்கிடந்தாள்.

படத்தை எடுத்துவிடுங்கள் என்று அவள் தினமும் கெஞ்சினாள். இவனோ, பிலிம் வரவில்லை, வெளிச்சம் போதவில்லை என்று நாளைக் கடத்தினான். கடைசியில் அவள் பொறுமை இழந்தாள்.

"ஊரு பிள்ளைக்கெல்லாம் எடுத்துக் குடுத்தீங்க. நம்ம பிள்ளை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

எடுத்தான். கெஹிண்டே இடது நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்தான். வலது நாற்காலிக்கு மாற்றும்போது, வேறெந்தப் பிள்ளையிடமும் சொல்லாத ஒன்றை அகன்பியின் பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது.

"இப்ப நீதான்டா டைவோ. அவன் எப்படி உக்காருவானோ அப்படி உக்காரு."

பிள்ளை கீழுதட்டைப் பல்லுக்குள் மடக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்தான். அகன்பி கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அப்படித் தலைகீழாக, அங்கே டைவோ உட்கார்ந்திருந்தான். அந்தத் துணிக்குள்ளேயே தகப்பன் வாய்பொத்தி அழுதான்.

படம் நன்றாகவே வந்தது. அபெனி அதைச் சுவரில் மாட்டி, இரட்டைப் பிள்ளைகளுக்குச் செய்கிற வழக்கப்படி காராமணியைப் பனையெண்ணெய் விட்டு வேகவைத்துத் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் போட்டாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள். அதோடு விட்டிருக்க வேண்டும். விட்டானா?

முகம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, இன்னொன்று எடுத்துவிடலாம் என்று பெண்டாட்டியிடம் வாய் கூசாமல் பொய் சொன்னான். அப்புறம் பொய்கூட வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைக்குக் காராமணி வடை வாங்கிக் கொடுத்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் வலது நாற்காலியில் உட்காரவைப்பான். இடது நாற்காலி எதற்கு? கெஹிண்டேதான் வீட்டிலேயே இருக்கிறானே! பிலிம் போடாத நாளும் உண்டு. துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அங்கே வலிக்கிறதா, யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்பான். பிள்ளை உதட்டை மடக்கிக்கொண்டே பதில் சொல்வான்.

பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். தம்பி செத்ததிலிருந்து அப்பா அவன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அப்பா சிரித்தார். எந்தப் பிள்ளைதான் இறங்கும்?

வீட்டில் கெஹிண்டே என்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. காதில்தான் கோளாறு என்று நினைத்து அபெனி எண்ணெய் காய்ச்சி விட்டாள். ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் ராலியத்துதான் அவளை ஒருநாள் நிறுத்தி, உன் புருஷன் கடைக்குள்ளே செத்தவன் பேரைச் சொல்லிச் சிரித்துப் பேசுகிறார், இது நல்லதுக்கில்லையடி என்று சொன்னாள்.

அபெனி அப்படியே உள்ளே போனாள். இருட்டறையில் கயிறு கட்டி, துணி காயப்போட்டதுபோல வரிசையாகப் படங்கள். எல்லாவற்றிலும் இடது நாற்காலி காலி. வலது நாற்காலியில் உதட்டை மடக்கிய ஒரே பிள்ளை. இருட்டறையை விட்டு வெளியே வந்தாள். அந்தப் பிள்ளை அதே நாற்காலியில் வடை தின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு ரெண்டு பிள்ளை," என்றாள் அகன்பியிடம். "ஒண்ணை அம்மை கொண்டுபோச்சு. மத்ததை நீங்க கொண்டுபோறீங்க."

அவன் சும்மா படம்தானே என்று ஏதோ முனகினான். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் கீழே குத்தவைத்துக் கையை நீட்டி, கெஹிண்டே, வாடா, வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டாள். பிள்ளை அசையவில்லை. பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"கெஹிண்டே எப்பப்பா செத்தான்?"

அபெனி அழவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

"நீங்க கூப்பிடுங்க," என்றாள் புருஷனிடம். "உங்க வாயால அவன் பேரைச் சொன்னாத்தான் திரும்பி வருவான்."

அகன்பியும் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அவன் கெஹிண்டே என்றுதான் சொல்ல நினைத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அப்பா பேசப்போகிறார் என்று தெரிந்ததும் பிள்ளை ஆசையாகக் கீழுதட்டைப் பல்லுக்குள் மடக்கித் தலையைச் சாய்த்தான்.

"டைவோ," என்றான் அகன்பி.

பிள்ளை சிரித்துக்கொண்டே நாற்காலியிலிருந்து குதித்து, அம்மாவின் கையைத் தாண்டி அவனிடம் ஓடிவந்தான்.